பணிப்பாளர் பார்க்காத நண்டுகள்

எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் கடலுக்குப் போய்ச் சேர மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. கண்டியைச் சுற்றியிருக்கிற எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் இதே நிலைமைதான். அதனால்தானோ என்னவோ, அந்த வருடத்து வலய விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கடல் என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். எந்த வலயம் என்று சொல்லமாட்டேன். ஓய்வுபெற எனக்கு இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது.

சுற்றுநிருபத்தோடு ஒரு பட்டியலும் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு விடயம். பெரிய பள்ளிக்கூடங்களுக்குத் திமிங்கிலம், பவளப்பாறை, ஆமை என்று கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு வந்தது இது: "கடற்கரையில் வாழும் ஓடுடைய சிறு கணுக்காலிகள் மணலில் புதையும் முறை."

எங்கள் பள்ளிக்கூட அதிபர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு மூன்றாம் முறை சத்தமாக வாசித்தார்.

"கணுக்காலின்னா என்ன டீச்சர்?"

"நண்டு, இறால் மாதிரி சேர்."

"அப்ப நண்டுன்னே போட்டிருக்கலாமே."

போட்டிருந்தால் அது சுற்றுநிருபம் ஆகியிருக்காது என்று நான் சொல்லவில்லை.

நான் படித்தது புவியியல். எங்கள் விஞ்ஞான ஆசிரியர் மூன்று வருடத்துக்கு முன்னால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போனார். அந்த லீவு இன்னும் முடியவில்லை. புவியியலிலும் மண் வருகிறது, விஞ்ஞானத்திலும் மண் வருகிறது என்ற அடிப்படையில் அவருடைய பாடம் என் தலையில் வந்து விழுந்தது. நண்டும் அப்படித்தான் வந்தது. ஆனால் அதிபர் அதற்கு வேறு காரணம் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் யாழ்ப்பாணம்தானே. கடலெல்லாம் அவருக்குப் பழக்கம். எல்லா ஸ்கூலும் படம்தான் ஒட்டுவாங்க. நாம உயிரோட கொண்டு வருவோம். வலயக் கல்விப் பணிப்பாளர் அசந்து போகணும்."

எங்கள் மண்டபம் புதிதாகக் கட்டப்பட்டது. கண்காட்சியை அந்த வருடம் அங்கேதான் வைப்பதாக இருந்தது. அதிபர் மண்டபத்தைப் பற்றிப் பேசும்போது தன் மகளின் கலியாணத்தைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். அந்த மண்டபத்தில் உயிருள்ள நண்டு இல்லாமல் இருக்கலாமா?

என் கணவர் கண்டியில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர். அவர் கடற்கரையோரம் பிறந்து வளர்ந்தவர் என்பது உண்மை. ஆனால் எங்களுக்குக் கலியாணமாகி இருபது வருடத்தில் அவராக விரும்பிக் கடலுக்குப் போனதை நான் பார்த்ததில்லை. மீன் வாங்கக்கூட கட்டுகஸ்தோட்டைச் சந்தைக்கு என்னைத்தான் அனுப்புவார். அன்று பின்னேரம் விடயத்தைச் சொன்னதும் பத்திரிகையைக் கீழே இறக்காமலே கேட்டார்.

"நண்டைக் கறிக்குப் பிடிக்கிறதோ, பாக்கப் பிடிக்கிறதோ?"

"பாக்கத்தாங்க. மண்ணுக்குள்ள எப்படிப் போகுதுன்னு காட்டணும்."

"மண்ணுக்கை போனாப் பிறகு என்னத்தைப் பாக்கிறது?"

இந்தக் கேள்வியை அன்றே நான் ஒழுங்காக யோசித்திருந்தால் மூன்று வாரத்து அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நான் யோசிக்கவில்லை. "உங்க அக்கா வீட்டுக்குப் போவோமா?" என்று கேட்டேன். அவருடைய அக்கா, அதாவது என் மச்சாள், நீர்கொழும்பில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறார். என் கணவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "ஓம், சனிக்கிழமை வாறன்" என்றார். ஏதோ நான் அவரை நீதிமன்றத்துக்குக் கூப்பிட்ட மாதிரி.

சனிக்கிழமை காலையில் கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினோம். கையில் ஒரு வெறும் பெயின்ட் வாளி, ஐந்து லீட்டர் தண்ணீர் போத்தல்கள் நான்கு, ஒரு சாக்கு. போகும்போது எல்லாம் வெறுமையாக இருந்ததால் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை.

மச்சாளுக்கு நாங்கள் நண்டுக்காக வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் சந்தோஷமாகச் சிரித்தார். பிறகு எந்த நண்டு என்று நான் இணையத்தில் எடுத்துவந்த படத்தைக் காட்டியதும் சிரிப்பு வேறு மாதிரி ஆனது.

"உதோ? உதுக்கு ஆராவது கண்டியிலையிருந்து வருவினமோ? இஞ்சை தூண்டிலுக்குக் குத்துறதடியம்மா."

அந்த நண்டுக்கு ஊரில் என்ன பெயர் என்று கேட்டேன். தூண்டிலுக்குக் குத்துகிறது என்பதுதான் பெயர் என்றார். கட்டைவிரலின் மேற்கணு அளவு. முட்டை வடிவம், சாம்பல் நிறம். நண்டு என்றால் நமக்கு ஞாபகம் வருகிற அந்தக் கவ்வும் கைகள் அதற்குக் கிடையாது. பக்கவாட்டில் நடக்கவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பின்னால் போவது ஒன்றுதான். பள்ளிக்கூட நிர்வாகத்தைப் பல வருடம் பார்த்த எனக்கு உடனே அதன்மேல் ஒரு பரிச்சயம் வந்தது.

பிடிப்பது சுலபம் என்று நினைத்துத்தான் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். அலை வந்து திரும்பும்போது மணலின் மேல் பத்துப் பதினைந்து சின்னக் கட்டிகள் உருண்டு போவது தெரியும். ஓடிப் போய்க் குனிவதற்குள் ஒன்றும் இருக்காது. மணல் வழுவழுவென்று, நான் எதையும் பார்க்கவில்லை என்பதுபோல் கிடக்கும். அரை மணித்தியாலம் இப்படி ஓடினேன். கையில் இரண்டு சிப்பியும் ஒரு போத்தல் மூடியும்தான் மிஞ்சின.

மச்சாள் கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இரக்கப்பட்டு இறங்கி வந்தார்.

"கலைக்காதையும். அது உம்மைவிடக் கெட்டிக்காரன். அலை திரும்பேக்கை மண்ணிலை வி மாதிரிக் கீறு விழும், பாத்தீரோ? அதுதான் அதின்ரை மீசை. அந்த இடத்திலை ரெண்டு கையாலையும் மண்ணோடை அள்ளும்."

அள்ளினேன். கை நிறைய ஈரமணல். அதற்குள் ஏதோ என் உள்ளங்கையைப் பின்னங்கால்களால் பிராண்டிக்கொண்டு கீழே போகப் பார்த்தது. என் கையையும் மணல் என்று நினைத்து அது தோண்டியது. கூச்சத்தில் கத்திவிட்டேன். மச்சாள் இன்னும் சிரித்தார். என் கணவர் காற்சட்டை நுனிகூட நனையாத தூரத்தில், தென்னைமரத்தடியில், வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இருபத்தாறு நண்டு கிடைத்தது. வாளியில் ஈரமணலைப் போட்டு அதற்குள் விட்டு, நனைத்த சாக்கால் மூடினோம். போத்தல்களில் கடல்தண்ணீர். வாளி இப்போது ஒரு சின்னப் பிள்ளையின் கனம்.

திரும்பும் பஸ்ஸில் கொண்டக்டர் வாளியைக் காலால் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"வெலித?" என்றார். மணலா என்று.

"ஓம், மணல்தான்" என்று என் கணவர் சிங்களத்தில் சொன்னார்.

கொண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே மகாவலி ஓடுகிறது, அந்த ஆற்று மணல் லொறி லொறியாகப் போகிறது, நீங்கள் எங்கிருந்து எங்கே மணல் கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். மணல் ஏற்ற பர்மிட் வேண்டும் தெரியுமா என்றும் கேட்டார். அதைப் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் என் கணவர் அதற்குப் பிறகு குருநாகல் வரைக்கும் ஒவ்வொரு பொலிஸ்காரரைக் கண்டபோதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே நண்டு இருக்கிறது என்று நான் விளக்கப் போனேன். கொண்டக்டர் மணலைக் கிளறிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. பாவம், நன்றாக இருந்த குடும்பம்தான் என்ற முகத்தோடு டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்குக் கீழே வண்ண மீன் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் முஸ்லிம், அவரை எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். அன்று மாலையே போய் ஒரு கண்ணாடித் தொட்டி இரவல் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவரே தொட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எங்க டீச்சர் ஈக்கிது?"

"உள்ள இருக்கு நானா."

"நீங்க செல்லிற உள்ள எனக்கு வெளங்கல்ல."

தொட்டியில் மணலைப் பரப்பி, கடல்தண்ணீர் ஊற்றி, ஒரு நண்டை எடுத்து மேலே விட்டேன். நானா குனிந்தார். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் நண்டு இல்லை. "ஹா," என்றார். இன்னொன்றை விடச் சொன்னார். அதுவும் போனது. மூன்றாவதைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் விட்டேன். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் அது என்ன செய்கிறது என்று தெரிந்தது.

முதலில் வாற்பக்கத்தை மணலில் குத்துகிறது. பின்னங்கால்கள் மண்வெட்டி மாதிரித் தட்டையானவை. அவை வெகு வேகமாகச் சுழன்று அடியிலிருக்கிற மணலை வாரி மேலே முன்பக்கமாக எறிகின்றன. அதைச் சுற்றியிருக்கிற ஈரமணல் அந்த அடியில் குழைந்து கஞ்சி போலாகிவிடுகிறது. மற்றக் கால்கள் உடம்பைக் கீழே உந்துகின்றன. ஓடு முட்டை போல் வழவழப்பாக இருப்பதால் எதிலும் தடுக்காமல் இறங்குகிறது. இறங்கி முடிந்ததும் மணல் தானாக மூடிக்கொள்ளும். குண்டூசித் தலை அளவில் இரண்டு கண்ணும் இறகு போன்ற மீசையும் மட்டும் மேலே நிற்கும். அலை திரும்பும்போது அந்த மீசையை விரித்துத் தண்ணீரில் வருகிறதை வடித்துச் சாப்பிடுமாம். எல்லாம் சேர்த்து நான் இரண்டு எண்ணுவதற்குள் நடந்து முடிந்தது.

நானா நிமிர்ந்தார். "எங்கட கடையில ஈக்கிற மீனெல்லாம் சும்மா சுத்துது டீச்சர். இதுதான் வேல செய்யுது" என்றார். பிறகு உத்தரவுகள் போட்டார். சமையல் உப்பைக் கரைத்து ஊற்றக் கூடாது. தண்ணீர் குறைந்தால் அவருக்குச் சொல்ல வேண்டும், கடல்மீன் தொட்டிகளுக்குக் கரைக்கிற உப்பு அவரிடம் இருக்கிறது. தொட்டியோடு தந்த காற்று மோட்டரை நிறுத்தக் கூடாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவருடைய வீட்டில் யாராவது ஒருவர் நண்டு பார்க்க வந்தார்கள். அவருடைய உம்மா வந்து, கதிரையில் உட்கார்ந்து, அரை மணித்தியாலம் வெறும் மணலைப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் ஈக்கிது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில் ஆறு நண்டு செத்துப் போனது. நானா என்னைவிடக் கவலைப்பட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த பிறகு, தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு போஸ்டருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு விளங்க வைப்பதற்காகத் தொட்டியின் ஒரு மூலையில் மணலை மேடாக்கிக் காய விட்டிருந்தேன். ஒரு நண்டை எடுத்து அந்தக் காய்ந்த மேட்டில் வைத்தேன். கால்களைப் போட்டு அடித்தது. மணல் சரிந்து சரிந்து அதே குழிக்குள் விழுந்தது. நண்டு இறங்கவில்லை.

பின்னால் என் கணவர் நின்றது எனக்குத் தெரியாது.

"காஞ்ச மண்ணிலை உதாலை ஏலாது" என்றார். "ஈரத்திலை விடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் தண்ணியிலயே கால் வைக்கலியே."

அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நண்டைத் தானே எடுத்து ஈரமணலில் விட்டார்.

"சண்டை நேரம் நாங்கள் கடக்கரையிலை பங்கர் வெட்டினனாங்கள். எனக்கு அப்ப பன்ரெண்டு வயசு. மேலை காஞ்ச மண், வெட்ட வெட்டச் சரிஞ்சு விழும். கீழை ஈரம் வந்தாப் பிறகுதான் சுவர் நிக்கும். இன்னும் கொஞ்சம் வெட்டினால் தண்ணி வந்திடும். அதுக்கிடையிலை நிப்பாட்டோணும். எங்கடை ஐயாவுக்கு அந்த அளவு தெரியும். எண்டாலும் ராவிலை தண்ணி ஊறி, முழங்காலளவு தண்ணிக்கை ஏழு பேர் இருந்தனாங்கள்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது கண்ணை வெளியிலை வைக்குது," என்றார். "நாங்கள் அதையும் வைக்கேலை."

எதற்கும் ஒரு குத்தல் பதில் என் நாக்கின் நுனியில் இருக்கும் என்பது எங்கள் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் தெரிந்த விடயம். அன்று எழும்பிப் போய் இரண்டு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து குடித்தோம். பிறகு ஒவ்வொரு நாளும் அலுவலகத்தால் வந்ததும் அவர்தான் மோட்டரைப் பார்த்தார், தண்ணீர் மாற்றினார்.

போஸ்டரை அதிபரிடம் கொண்டுபோனேன். சிவப்புப் பேனாவோடு வாசித்தார். "பின்னோக்கி இறங்கும்" என்ற இடத்தில் நின்றார்.

"இது சரியா வராதே டீச்சர்."

"அது பின்னோக்கித்தான் சேர் போகும். முன்னால போகவே தெரியாது அதுக்கு."

"இருக்கலாம். ஆனா பிள்ளைங்க பாக்குற போஸ்டர். பின்னோக்கிப் போறதைப் பத்திப் பெரிய எழுத்துல போட்டா ஒரு தவறான செய்தி போகும். பணிப்பாளரும் பாப்பாரு." வெட்டிவிட்டு, "முன்னேறிச் செல்லும்" என்று எழுதினார். எழுத்து அழகாக இருந்தது. அதை மறுக்க முடியாது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு த்ரீவீலில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். இருபது நண்டு உயிரோடு இருந்தது. மண்டபத்தில் நடு மேசை எங்களுக்கு. நான் வகுப்புக்குப் போனேன். முழுநாளும் பரீட்சைத் தாள், அடுத்த நாள் காலையில் ஆசிரியர் கூட்டம். பத்து மணிக்குத்தான் மறுபடி மண்டபத்துக்குப் போக முடிந்தது.

தொட்டி அடையாளம் தெரியவில்லை. பின்பக்கம் நீலத்தாள் ஒட்டியிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் பவளம், ஒரு பிளாஸ்டிக் சுறா. மணல் இல்லை. அதற்குப் பதிலாக வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை என்று பளபளவென்று கல். அந்தக் கல்லின்மேல் இருபது நண்டும் வரிசை கெட்டுக் கிடந்தன. சில மல்லாந்து கிடந்தன. சில இன்னும் பின்னங்கால்களால் கல்லை அடித்துக்கொண்டிருந்தன. கல் அசையவில்லை. மோட்டரின் வயரைக் கழற்றி அந்தப் பிளக்கில் கலர் பல்ப் போட்டிருந்தார்கள்.

அதிபர் சந்தோஷமாக வந்தார். "பாத்தீங்களா? நேத்து வந்து பாத்தா ஒரே மண்ணு. ஒரு நண்டும் தெரியல. அந்த மண்ணு பழுப்பா வேற இருந்துச்சி. இப்ப பாருங்க, எல்லாம் தெரியுது."

"சேர், இதுங்க சாகுது."

"நாளைக்கு வரைக்கும் இருக்குமா?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை. நான் மோட்டர் வயரை மாட்டினேன். பிறகு என் மணல் எங்கே என்று கேட்டேன். பூந்தோட்டத்துக்குக் கொட்டிவிட்டார்களாம். குரோட்டன் செடிகளுக்கு அடியில் போய்க் குந்தி, மண்ணோடு கலக்காத பகுதியைக் கையால் வழித்து வழித்து வாளியில் போட்டேன். இருபத்தைந்து வருட சேவை, பட்டப்பின் டிப்ளோமா எல்லாம் சேர்ந்து அன்று குரோட்டனடியில் குந்தியிருந்தன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள்.

கல்லை எடுத்துவிட்டு மணலைப் போட்டேன். கணவருக்குப் போன் செய்தேன். அவர் அரைநாள் லீவு போட்டுவிட்டு, நானாவிடம் உப்புத் தண்ணீர் கரைத்து வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்பது நண்டு செத்திருந்தது. மிச்சம் பதினொன்றையும் ஒவ்வொன்றாக மணலில் வைத்தோம். முதல் சில நண்டுகள் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தன. பிறகு கால் அசைந்தது. மெதுவாக, ஒரு நிமிடத்துக்குமேல் எடுத்து, இறங்கின. எல்லாம் இறங்கி முடிந்தபோது தொட்டியில் பழுப்பு மணல் மட்டும் இருந்தது. பிளாஸ்டிக் சுறாவை மட்டும் அதிபருக்காக விட்டுவைத்தேன்.

அதிபர் வந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் கணவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அதிபர் திரும்பிப் போய்விட்டார்.

கண்காட்சியன்று ஒன்பது மணிக்கு வரவேண்டிய பணிப்பாளர் பதினொன்றரைக்கு வந்தார். மாலை, குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், நான்கு உரை. கடல் வளத்தைக் காப்பாற்ற வேண்டியது மலையக மாணவர்களின் கடமை என்று ஒரு உரையில் சொன்னார்கள். பிறகு பார்வையிடல். எங்கள் மேசைக்கு வந்தபோது அவருக்குப் பின்னால் பதினைந்து பேர், ஒரு படம்பிடிப்பவர்.

பணிப்பாளர் தொட்டியைப் பார்த்தார். சுறாவைப் பார்த்தார்.

"இது என்ன?"

"மணலில் புதையும் நண்டுகள் சேர்," என்றேன்.

"எங்கே நண்டு?"

"புதைஞ்சிருக்கு சேர்."

"எடுத்து மேல விட்டா என்ன?"

"மறுபடி புதையும் சேர். அதைத்தான் காட்டச் சொல்லியிருந்தது."

அதிபர் என் பக்கத்தில் நின்று மூச்சு விடுவது கேட்டது. நான் ஒரு பலகையை வைத்துத் தொட்டித் தண்ணீரை ஒரு பக்கம் தள்ளினேன். அலை மாதிரி ஓடித் திரும்பியது. மணல் கலங்க, ஏழெட்டு நண்டு மேலே வந்து உருண்டது. எவ்வளவு அழகாக வந்தன என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் பணிப்பாளரின் போன் அடித்தது. அவர் திரும்பி, "ஆ, சொல்லுங்க," என்றார். அவர் திரும்பி வந்தபோது மணல் சமமாக இருந்தது. படம்பிடிப்பவர் அப்போதுதான் படம் எடுத்தார். பணிப்பாளர் வெறும் மணலைக் கூர்ந்து நோக்குகிற அந்தப் படம் வலயத்தின் முகநூலில் இன்னும் இருக்கிறது.

முதற்பரிசு வேறொரு பள்ளிக்கூடம் பொதி கட்டுகிற வெள்ளை ரெஜிபோமில் செய்த நண்டுக்குக் கிடைத்தது. சாப்பாட்டு மேசை அளவு, மோட்டர் வைத்தது, முன்னால் நடந்தது. எங்கள் வருகையாளர் புத்தகத்தில் பணிப்பாளர் எழுதிய குறிப்பு: "கடல் மணல் பற்றிய கண்காட்சி பயனுள்ளது. வாழ்த்துகள்."

இரண்டு மணிக்குப் பிறகு மண்டபம் காலியானது. நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதிபர் டையைத் தளர்த்திக்கொண்டு தனியாக வந்தார். தொட்டிக்கு முன்னால் நின்றார்.

"டீச்சர், உண்மையா உள்ள இருக்கா?"

பலகையை எடுத்துத் தண்ணீரைத் தள்ளினேன். நண்டுகள் வந்தன, உருண்டன, வாலைக் குத்தின, போயின. அதிபர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"இன்னொருக்கா செய்யுங்க."

செய்தேன். மூன்றாம் முறை அவரே பலகையை வாங்கிச் செய்தார். ஐந்தாறு முறை செய்திருப்பார். கை முழுக்க நனைந்துவிட்டது.

"பின்னாலதான் போகுது," என்றார்.

"ஆமா சேர்."

"இதைப் பணிப்பாளர் இருக்கும்போது செஞ்சிருக்கலாமே டீச்சர்."

நான் இன்னொரு கதிரையை எடுத்து அடுக்கினேன். அவர் போகும்போது, மற்ற ஒன்பதும் அந்தக் கல்லாலதான் செத்திச்சா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்குத் தெரியல டீச்சர்," என்றார். அதிபர்மார் சொல்லி நான் அதிகம் கேட்காத வசனம் அது.

சனிக்கிழமை மறுபடி நீர்கொழும்பு. வாளியை என் கணவர்தான் தூக்கினார், நான் கேட்காமலே. நல்லவேளை, வேறு கொண்டக்டர். பதினொன்றில் ஒன்று வழியில் செத்துவிட்டது, பத்து இருந்தது. மச்சாள் எங்களைக் கண்டதும், தூண்டிலுக்குக் குத்துகிறதை ஊர் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டு வந்து விடுகிற சனத்தை இன்றுதான் பார்க்கிறேன் என்றார்.

என் கணவர் செருப்பைக் கழற்றித் தென்னையடியில் வைத்தார். காற்சட்டையை மடித்தார். வாளியோடு நேரே தண்ணீருக்குள் இறங்கினார். முதல் அலையிலேயே மடிப்பெல்லாம் நனைந்தது. அலை திரும்புகிற நேரம் பார்த்து ஒவ்வொரு நண்டாக எடுத்துக் கீழே வைத்தார், அது போன பிறகு அடுத்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். பத்தும் போனபிறகும் அவர் வரவில்லை. காலுக்குக் கீழிருந்து மணல் அரித்துக்கொண்டு போக, கணுக்கால்வரை புதைந்து நின்றார். நான் அவருடைய சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மச்சாள் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் கேட்டதும் திரும்பினோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மச்சாள் நண்டுக்கறி வைத்திருந்தார். பெரிய நண்டு, கால் கையெல்லாம் உள்ளது, முருங்கையிலை போட்டது. நான் கொஞ்சம் யோசித்தேன் என்று சொன்னால் நாகரிகமாக இருக்கும். யோசிக்கவில்லை. இரண்டு பேரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டோம். அவர் மூன்றாம் தடவையும் சட்டியை எட்டிப் பார்த்தார்.